மரத்தடியில் தொடங்கும் உத்தியோகம்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களிலும் சாலை ஓரங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் மாதா கோயில் முற்றங்களிலும் அறுபது எழுபது அடி உயரத்துக்கு ஓங்கி நிற்கும் ஓக், பீச், ஆஷ் முதலான விருட்சங்களில் கயிற்றின் துணைகொண்டு ஏறி, பட்டுப்போன கிளைகளைக் களைந்தும், பாரம் மிகுந்த கிளைகளைக் குறைத்தும், இனிப் பிழைக்க வழியில்லை என்று தீர்மானமான மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கியும் ஜீவனம் செய்கிறவர்களை அந்நாட்டு ஜனங்கள் ‘ட்ரீ சர்ஜன்’ என்று அழைக்கிறார்கள். மர வைத்தியர் என்று நாம் சொல்லலாம். வைத்தியத்துக்கு உரிய படிப்பும் பரீட்சையும் பொறுப்பும் அந்தத் தொழிலுக்கு உண்டு. ஆனால் படித்துத் தேறியவனுக்கு முதல் உத்தியோகம் கிடைக்கும் வழி மட்டும் மிகவும் கரடுமுரடாக இருக்கிறது.

பதினெட்டு இருபது வயது இளைஞன் ஒருவனோ, காரியாலய மேஜை முன் உட்கார்ந்து அலுத்துப்போய் முப்பத்தைந்து வயதில் மனம் மாறி வந்த ஒருவரோ, ஆயிரக்கணக்கான பவுன் செலவழித்துப் பயிற்சி பெற்று, பரீட்சகர் முன்னிலையில் ஏறியும் இறங்கியும் அறுத்தும் காட்டித் தேர்ச்சி அடைந்து, சர்டிபிகேட்டுகளை ஓர் உறையிலும் புத்தம் புதிய கயிறுகளை ஒரு பையிலும் போட்டுக்கொண்டு கான்ட்ராக்டர்களின் வாசலுக்குப் போனால், அங்கே காத்திருக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘இரண்டு வருஷ அனுபவம் உண்டா?’ அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை கிடைக்காதவனுக்கு அனுபவம் ஏது? எல்லா உத்தியோகத்திலும் உள்ள சங்கடந்தானே இது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கணக்குப் புத்தகத்தில் புதியவன் செய்யும் பிழையை மறுநாள் அடித்து எழுதலாம், அறுபதடி உயரத்தில் ஓடும் ரம்பத்தோடு செய்யும் பிழையை அப்படித் திருத்த முடியாது என்பதால், இந்தத் தொழிலில் அந்தச் சங்கடத்துக்குக் கூடுதலான நியாயமும் உண்டு, கூடுதலான அநியாயமும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, புதிதாகத் தேறியவன் எந்த வாசல் வழியே உள்ளே நுழையலாம் என்பதை எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சிட்டி அண்ட் கில்ட்ஸ், லாண்ட்ரா ஆகிய இரண்டு ஸ்தாபனங்கள் பரீட்சைகளை நடத்திச் சர்டிபிகேட் வழங்குகின்றன. செயின் சா என்னும் சங்கிலி ரம்பத்தைப் பராமரிப்பதும் தரையில் கிடக்கும் மரத்தைக் குறுக்கே அறுப்பதும் ஒரு பரீட்சை; 380 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட சிறு மரத்தை வெட்டிச் சாய்ப்பது இன்னொன்று; கயிறும் இடுப்புவாரும் கொண்டு மரம் ஏறுவதும், மேலே அடிபட்டுத் தொங்குபவனை மீட்டுக் கீழே கொண்டுவருவதும் மூன்றாவது; கயிற்றில் இருந்தபடியே ரம்பத்தைப் பிரயோகிப்பது நான்காவது. சி.எஸ். 30, 31, 38, 39 என்று இவற்றுக்கு ஒரு காலத்தில் இடப்பட்ட எண்கள் அதிகாரபூர்வமாக மாறிப் பல வருஷங்கள் ஆகியும் தொழிலாளர் வாயில் அந்தப் பழைய எண்களே புழங்குகின்றன. ‘முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கிறதா?’ என்பதே வேலை கேட்டு வருகிறவனிடம் முதலாளி கேட்கும் இரண்டாவது கேள்வி. பயிற்சி அளித்தவரே பரீட்சகராக இருப்பதில்லை ஆதலால் பரீட்சையின் நேர்மையில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சியும் சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், முடிந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சர்டிபிகேட் சொல்வதெல்லாம், இன்னார் இன்ன தினத்தில், நல்ல மரம் ஒன்றில், கண்காணிப்பின் கீழ், அபாயம் விளைவிக்காமல் இந்தக் காரியத்தைச் செய்து காட்டினார் என்பதுதான். மழையில் நனைந்து பாசி படிந்த கிளையில், கீழே கண்ணாடிக் கூடம் இருக்க, பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நின்று முறையிட, பொழுது சாய்வதற்குள் அதே காரியத்தை அவர் முடிப்பாரா என்பதை எந்தப் பரீட்சையும் சொல்லாது. அனுபவம் கேட்கும் முதலாளியின் பக்கத்து நியாயம் இது.

நெடுநாள் படிப்புக்கும் வழியில்லாமல் இல்லை. சரே ஜில்லாவில் கில்ட்போர்டு அருகே உள்ள மெரிஸ்ட் வுட், லங்காஷயரில் பிரஸ்டன் அருகே உள்ள மையர்ஸ்கோ, வட லண்டனில் என்ஃபீல்டில் உள்ள கேப்பல் மேனர் ஆகிய கல்லூரிகளில் மர வளர்ப்புச் சாஸ்திரத்தை விரிவாகக் கற்பிக்கிறார்கள். கியூ தாவரத் தோட்டத்தில், சம்பளம் பெற்றுக்கொண்டே தொழில் கற்கும் பயிற்சியாளர்களை ஏற்றுக்கொள்வதும் உண்டு. அந்தப் பாக்கியம் வாய்ப்பவர் சிலரே.

அந்தச் சாஸ்திரம் ஒரு நூற்றாண்டுக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1846-இல் இங்கிலாந்தின் சாமர்செட் ஜில்லாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 1901-இல் ‘தி ட்ரீ டாக்டர்’ என்ற நூலை வெளியிட்ட ஜான் டேவி என்பவரின் காலத்தில், மரத்தின் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டுக் கலவையால் அடைப்பதும், வெட்டுவாயில் பூச்சு பூசுவதும் உத்தமமான சிகிச்சையாகக் கருதப்பட்டன. பிறகு அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் விஞ்ஞானி, பதினையாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை ரம்பத்தால் நெடுக்கே பிளந்து ஆராய்ந்து, மரம் தன் புண்ணை நம் உடம்பைப்போல் ஆற்றிக்கொள்வதில்லை, அழுகல் மேலும் பரவாதபடி தனக்குள்ளே அரண் எழுப்பி அதை அடைத்துவிடுகிறது என்று நிரூபித்தார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் பட்டையைச் சேதப்படுத்தாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும், தண்டை ஒட்டி வழவழப்பாகச் சீவிவிடக் கூடாது, பூச்சும் பூச வேண்டியதில்லை என்ற இன்றைய முறை அவருடைய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. மர வேலைக்கான பிரிட்டிஷ் தர விதியான பி.எஸ். 3998, 1966-இல் வெளிவந்து 1989-லும் 2010-லும் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகையால், ரம்பத்தை எங்கே வைக்கக் கூடாது என்று அறிந்த புதியவன், பழைய வழக்கத்தில் ஊறிய பத்து வருஷக்காரனைவிட மரத்துக்கு நல்லவனாக இருக்கக் கூடும். வேலை கேட்கப் போகும்போது இந்த அறிவை அவன் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

முதலாளி கேட்கும் முதல் கேள்வி எது என்றால், வாகனம் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறதா என்பது. மரம் ஏற வந்தவனிடம் இதைக் கேட்பது விந்தையாகத் தோன்றலாம். இரண்டு அல்லது மூன்று ஆட்கள் கொண்ட குழு, காலை ஏழு மணிக்கு ஒரு லாரியிலும் அதன் பின்னால் இழுத்துச் செல்லும் சிப்பர் என்ற கிளை அரைக்கும் யந்திரத்தோடும் புறப்பட்டுப் போவதே இந்தத் தொழிலின் நித்திய கர்மம். ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே இருந்து அவருக்கு ஒரு நாள் ஜுரம் வந்துவிட்டால், எல்லா வேலையும் நின்றுபோகும். 1997 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு கார் ஓட்டும் பரீட்சையில் தேறியவர்களுக்கு ஏழரை டன் லாரியும் கனமான ட்ரெய்லரும் ஓட்டும் உரிமை தானாகவே கிடைத்தது; அதற்குப் பின் வந்தவர்கள் தனித்தனிப் பரீட்சை கொடுக்க வேண்டியதாயிற்று. புதியவர்களும் இழுத்துச் செல்லலாம் என்பதற்காகவே 750 கிலோவுக்கு உட்பட்ட சிப்பர்களை யந்திரக் கம்பெனிகள் செய்து விற்றன. 2021 டிசம்பர் 16 முதல், 3,500 கிலோ வரை உள்ள ட்ரெய்லருக்குத் தனிப் பரீட்சை வேண்டாம் என்று சட்டம் தளர்த்தப்பட்டது புதியவர்களுக்குப் பெரிய உபகாரம். லாரிக்கான தனிப் பரீட்சை மட்டும் நீடிக்கிறது. வயது குறைந்தவர்களை இன்ஷூரன்ஸில் சேர்ப்பதற்குக் கம்பெனிகள் கேட்கும் அதிகத் தொகையும் நீடிக்கிறது. கையில் பணம் குறைவாக உள்ள இளைஞன் யோசனை கேட்டால், முதலில் லைசென்ஸ், பிறகு தரையில் ரம்பம் பிரயோகிக்கும் பரீட்சைகள், அதன் பிறகு ஏறுவதும் மீட்பதும், உயரத்தில் ரம்பம் பிரயோகிப்பதை ஒரு குளிர்காலம் கழிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்றே நான் சொல்வேன். ஒரு கையால் தூக்கக்கூடிய, மேல்பிடி வைத்த சிறிய ரம்பத்தை முதல் வாரத்திலேயே புதியவன் கையில் கொடுத்து மேலே அனுப்பும் முதலாளி, அவனுக்கு நன்மை செய்பவர் அல்லர்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். உயரத்தில் வேலை செய்வதைப் பற்றிய 2005-ஆம் வருஷத்து விதிகள், ஆபத்து நேர்ந்தால் ஆளை எப்படி மீட்பது என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகின்றன. அதன்படி தொழிலில் ஏற்பட்டுள்ள நியதி என்னவென்றால், ஒருவர் மரத்தில் ஏறும்போது குறைந்தபட்சம் இன்னொருவர் அங்கே இருக்க வேண்டும். தரையில் நிற்பவர்களில் ஒருவர், தாமதமின்றி மேலே ஏறி அடிபட்டவரை இறக்கிக் கொண்டுவரும் திறமையும், அதற்கு வேண்டிய கயிறும் உபகரணமும் உடையவராக இருக்க வேண்டும். ரம்பம் தொடையில் பட்டு ரத்தம் பெருக ஒருவன் நாற்பதடி உயரத்தில் தொங்கும்போது, தீயணைப்புப் படை ஏணியோடு வந்து சேரும்வரை அந்த ரத்தம் காத்திராது. இப்படியிருந்தும், ஏறத் தெரிந்தவர் ஒருவரும் ஏறத் தெரியாத உதவியாள் ஒருவரும் மட்டுமே கொண்டு நடக்கும் சிறு குழுக்கள் இருக்கத்தான் செய்கின்றன. இங்கேதான் புதியவனுடைய வாசல் திறந்திருக்கிறது. அவன் பெற்ற முப்பத்தெட்டாம் எண் சர்டிபிகேட்டுக்கு முதல் வருஷத்தில் உள்ள பெரிய மதிப்பு, அதைக் கொண்டு அவன் மரம் ஏறி வேலை செய்வான் என்பதில் இல்லை. மரத்தில் இருப்பவனைக் கீழே கொண்டுவர அவனால் முடியும் என்பதில் இருக்கிறது. ‘எனக்கு ஏறி வேலை செய்ய இடம் கொடுங்கள்’ என்று கேட்டு நிற்கும் பத்துப் பேருக்கு நடுவே, ‘நான் உங்களுக்குக் கீழே நிற்கிறேன், உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் ஏறி வந்து இறக்கத் தெரியும், மாதம் ஒரு தடவை அதைப் பழகிக்கொள்ள மட்டும் நேரம் கொடுங்கள்’ என்று சொல்லும் ஒருவனை எந்த விவேகமுள்ள முதலாளியும் யோசியாமல் திருப்பி அனுப்ப மாட்டார். பழகிக்கொள்ள நேரம் கேட்பது உபசார வார்த்தையாக இருந்துவிடக் கூடாது. பரீட்சையன்று ஒரு தடவை செய்து காட்டிய மீட்பு, பழக்கமில்லாவிட்டால் ஆறு மாதத்தில் கையைவிட்டுப் போய்விடும்.

கீழே நிற்பவனை அங்கே ‘கிரவுண்டி’ என்று பிரியமாகவும் சில சமயம் இளப்பமாகவும் கூப்பிடுகிறார்கள். இளப்பத்துக்கு இதில் இடமே இல்லை. மேலே அறுப்பவன் கனமான கிளையைக் கயிற்றில் கட்டி விடும்போது, அந்தக் கயிறு மரத்தின் அடியில் பிணைத்த உலோக உருளையில் சில சுற்றுச் சுற்றிக் கீழே நிற்பவன் கைக்கு வருகிறது. அவன் பயந்து சட்டென்று இறுக்கிப் பிடித்தால், விழும் பாரத்தின் வேகம் முழுவதும் மரத்தின் உச்சியில், ஏறியவன் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் அதே தண்டில், பேருதறலாகப் பாயும். கொஞ்சம் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே வேகத்தைத் தணித்து, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் மெல்ல நிறுத்தினால், மேலே இருப்பவன் மரம் லேசாக அசைந்ததை மட்டுமே உணர்வான். எத்தனை சுற்று, எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பவை எல்லாம் கிளையின் பருமனையும் இலைச் செறிவையும் மரத்தின் ஜாதியையும் பார்த்துக் கணநேரத்தில் தீர்மானிக்க வேண்டியவை. மேலே உள்ளவனுடைய உயிர் கீழே உள்ளவனுடைய உள்ளங்கையில் இருக்கிறது என்று சொன்னால் அது அலங்காரம் ஆகாது.

சிப்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளையின் தடித்த அடிப்புறத்தை முதலில் கொடுத்து, யந்திரம் அதைக் கவ்வியவுடன் பக்கவாட்டில் விலகிக்கொள்ள வேண்டும். உள்ளே கையை நீட்டவே கூடாது. மணிக்கட்டில் அகன்று தொங்கும் கையுறை அணியக் கூடாது, சிறு கொம்பு அதில் மாட்டிக்கொண்டால் ஆளையும் இழுத்துவிடும். இவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஏறியவனுடைய கயிற்றின் நுனி தரையில் சுருண்டு கிடக்கும். குவிந்த கிளைகளோடு சிக்கி அந்த நுனி யந்திரத்துக்குள் போய்விட்டால், கண் இமைக்கும் நேரத்தில் அது மேலே இருப்பவனையே இழுக்கத் தொடங்கும். ஆகவே கயிறு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது கீழே நிற்பவனுடைய முதல் தர்மம். இதோடு, பாதசாரிகளைத் தடுத்து நிறுத்துவது, ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றிப் பல்லைத் தீட்டி மேலே அனுப்புவது, ‘விலகு’ என்ற குரலுக்கு மறுகுரல் கொடுத்த பின்பே வெட்ட விடுவது, கடைசியில் புல்வெளியில் ஓர் இலையும் மிஞ்சாமல் பெருக்குவது எல்லாம் அவன் பொறுப்பு. வீட்டுக்காரர் மரத்தின் உச்சியில் உள்ள வெட்டுவாயை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. தம் புல்வெளியைப் பார்த்துத்தான் அடுத்த வருஷமும் அதே கம்பெனியைக் கூப்பிடுகிறார்.

நோயைக் கண்டறிவதற்கும் மரத்தடியே சிறந்த பள்ளிக்கூடம். பீச் மரத்தின் வேர்ப்புறத்தில் அடுக்கடுக்காக விரியும் மெரிப்பிலஸ் என்ற பெரிய காளானும், அடித்தண்டில் கரிந்த பொருக்குப்போல் ஒட்டியிருக்கும் கிரெட்ச்மேரியா என்ற பூஞ்சையும், மேலே இலைகள் இன்னும் பசுமையாக இருக்கும்போதே கீழே மரம் உளுத்துவிட்டதை அறிவிப்பவை. ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்து வேரையும் அடியையும் பார்க்கும் பழக்கம் இல்லாதவன் எவ்வளவு லாகவமாக ஏறினாலும் மர வைத்தியன் ஆகமாட்டான். வேரைக் கவனிப்பதன் அருமையை ஒரு புயலும் உணர்த்தியது. 1987 அக்டோபர் 15-ஆம் தேதி இரவிலும் மறுநாள் விடியற்காலையிலும் தென் இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. கியூ தோட்டத்தில் மட்டும் சுமார் 700 மரங்கள் போயின. அங்கே டர்னரின் ஓக் என்று பேர் பெற்ற கிழட்டு மரம் ஒன்றைக் காற்று வேரோடு தூக்கி மறுபடியும் அதே குழியில் உட்காரவைத்தது. பிழைக்காது என்று எண்ணிக் கடைசியில் அகற்றிக்கொள்ளலாம் என விட்டுவைத்தார்கள். மூன்று வருஷங்களுக்குப் பின் பார்த்தால், புயலுக்கு முன்பு வாடிக்கொண்டிருந்த அந்த மரம் தழைத்து நின்றது. பார்வையாளர்களின் கால்பட்டு இறுகிப்போன மண் அந்த ஒரு குலுக்கலில் இளகி, வேருக்குக் காற்றும் நீரும் கிடைத்ததே காரணம் என்பதைப் பின்னாளில் அத்தோட்டத்து மரங்களுக்குத் தலைவராய் இருந்த டோனி கிர்க்ஹாம் கண்டுகொண்டார். மற்ற மரங்களின் அடிமண்ணையும் இளக்கிவிடும் சிகிச்சை அங்கே அதிலிருந்து தொடங்கியது. ரம்பத்தைத் தொடாமலே செய்யும் வைத்தியம் அது.

எத்தனை காலம் கீழே நிற்பது என்று ஆவலுள்ள இளைஞன் கேட்பான். ஒரு வருஷச் சக்கரம் முழுவதையும் பார்க்கட்டும் என்பது என் அபிப்பிராயம். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் கிளையமைப்புத் தெளிவாகத் தெரியும். மார்ச் முதல் ஆகஸ்டு வரை பறவைகள் கூடு கட்டும் காலம், கட்டிய கூட்டைக் கலைப்பது 1981-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். வால்நட், பர்ச் மரங்களை வசந்தத்தில் வெட்டினால் சாறு வழிந்துகொண்டே இருக்கும். செர்ரி, பிளம் மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டினால் வெள்ளியிலை நோய் புகுந்துவிடும். இவற்றை எல்லாம் புத்தகத்தில் படித்திருந்தாலும் ஒரு தடவை கண்ணால் பார்த்தவனுக்கே மனத்தில் பதியும். அந்த வருஷத்துக்குள்ளேயே, வேலை முடிந்த சாயங்காலங்களில் சிறிய மரமொன்றில், அனுபவசாலி கீழே நின்று பார்த்திருக்க, தனித்தனியே கட்டிய இரண்டு கயிறுகளோடு ஏறிப் பழகலாம். ஏறும் கயிறுகளையும் இடுப்புவாரையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதி பெற்றவரைக் கொண்டு பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்பது புதியவனுக்கு உரிமை.

வேலை தேடும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு கம்பெனி முதலாளிகள் பகல் முழுவதும் மரத்தின் மேல் இருப்பவர்கள். அழகாகத் தட்டெழுதிய விண்ணப்பத்தைப் படிக்க அவர்களுக்குப் பொழுது இல்லை. காலை ஏழு மணிக்கு முன்பு, பூட்ஸும் ஹெல்மெட்டும் ரம்பத்தடுப்புக் காற்சட்டையுமாக நேரில் போய் நிற்பவனை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். 1964-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆர்போரிகல்சுரல் அசோசியேஷன் என்னும் சங்கம், வேலைத்தலத்திலும் காரியாலயத்திலும் பரிசோதித்து அங்கீகரித்த கான்ட்ராக்டர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தன் ஊருக்கு அருகே உள்ளவர்களை முதலில் நாடுவது உத்தமம். மின்கம்பிகளை உரசாதபடி மரங்களைக் குறைக்கும் கம்பெனிகள் பெருவாரியான ஆட்களை அமர்த்துகின்றன. அந்த வேலைக்குத் தனிப் பயிற்சியும் சர்டிபிகேட்டும் வேண்டும். மரத்தின் அழகைப் பேணும் வேலையாக அது எப்போதும் இராது. ஆனாலும் ஒழுங்கும் சம்பளமும் உண்டு.

ஒரு நாள் வேலை செய்து காட்டு என்று சொல்வது அங்கே வழக்கம். அந்த ஒரு நாளில் முதலாளி புதியவனைப் பரீட்சிப்பதுபோல் புதியவனும் முதலாளியைப் பரீட்சிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் எல்லோரையும் கூட்டி அபாயங்களை எடுத்துச் சொல்கிறாரா? முதலுதவிப் பெட்டியும் மீட்புக் கயிறும் லாரியின் அடியில் புதைந்து கிடக்கின்றனவா, கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா? அன்றைக்குக் கூலி உண்டா, இன்ஷூரன்ஸ் உண்டா? கீழே ஏறத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் முதல் நாளே மேலே போகச் சொன்னால், மரியாதையாக நன்றி சொல்லி வீடு திரும்புவதே அறிவுடைமை. விடுமுறையும் நோய்க்காலச் சம்பளமும் கொடுக்காமல் தப்புவதற்காக, ‘நீ சுயதொழில்காரன் என்று எழுதிக்கொடு’ என்று தேறி வந்த மறுநாளே நிர்ப்பந்திக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள்; சுயமாகத் தொழில் நடத்தும் அனுபவசாலிக்கு உரிய ஏற்பாட்டை, இன்ஷூரன்ஸும் உபகரணமும் இல்லாத சிறுவன் தலையில் கட்டுவது அநியாயம் என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம், கற்றுக்கொடுக்கும் மனத்துக்குத்தான். பிரிட்டனில் 2012-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஒன்று நாடெங்கும் உள்ள ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கு எண்பது வரை மடியக் கூடும் என்று நிபுணர்கள் கணிக்கிறார்கள். சாலை ஓரத்திலும் பள்ளிக்கூட வேலியிலும் நிற்கும் அப்படிப்பட்ட மரங்களை அகற்ற இன்னும் பல வருஷங்கள் பிடிக்கும். ஆனால் நோயுற்ற ஆஷ் மரம் எதிர்பாராமல் படீரென்று முறியும் தன்மை உடையது. கயிறு கட்டிய கிளையே கையை விரித்துவிடும். ஆதலால் அனுபவசாலிகளே அதில் ஏறாமல் யந்திர மேடையில் நின்று அறுக்கிறார்கள். ஆட்கள் வேண்டும் என்ற அவசரத்தில் புதியவர்களை அந்த மரத்தில் ஏற்றுவது கொடுமை.

இன்னொரு சங்கடத்தையும் புதியவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஷெஃபீல்டு நகரத்தில் 2012-இல் தொடங்கிய சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ், நல்ல நிலையில் இருந்த மரங்கள் உட்பட ஆயிரக்கணக்கான தெருமரங்கள் வெட்டப்பட்டதும், குடிமக்கள் மரத்தடியில் நின்று மறித்ததும், 2018-இல் வெட்டு நிறுத்தப்பட்டதும், 2023-இல் சர் மார்க் லோகாக் தலைமையில் நடந்த விசாரணை நகரசபையின் நடவடிக்கைகளைக் கடுமையாகக் கண்டித்ததும் அந்நாட்டார் மறவாத சம்பவங்கள். மரத்தை நேசித்து இந்தத் தொழிலுக்கு வந்தவனை, காரணம் இல்லாமல் மரத்தைச் சாய்க்கச் சொல்லும் நாள் வரக் கூடும். பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டினால், வெட்டுவித்தவரோடு வெட்டியவரும் குற்றவாளி. அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று முதல் மாதத்திலேயே கேட்கும் துணிவு அவனுக்கு வேண்டும். கேட்டதற்காகக் கோபிக்கும் முதலாளியிடம் அவன் தங்க வேண்டியதில்லை.

முதலாளிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. பெருக்கவும் சுமக்கவும் ஆள் தேடும் விளம்பரத்தில்கூட இரண்டு வருஷ அனுபவம் கேட்பதை விட்டுவிடுங்கள். ஐந்து பேர் உள்ள கம்பெனியில் ஒருவன் புதியவனாக இருந்தால் தொழில் நொடித்துப் போகாது. மேலே இருக்கும்போது கீழே மீட்கத் தெரிந்தவன் ஒருவன் நிற்கிறான் என்ற தைரியம் உங்களுக்கே லாபம். நீங்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய மரத்தடியில் நின்று கற்றவர்கள்தாமே?

லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சொந்த வீடு வாங்கி, பின்புறத்தில் ஒரு பெரிய மரத்தோடு குடியிருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரத்தைக் குறைக்க வேண்டி வந்தால், அதற்குப் பாதுகாப்பு ஆணை உண்டா என்பதை முதலில் நகரசபையில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தால் ஆறு வாரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பிறகு, விலை சொல்ல வரும் கான்ட்ராக்டர்களிடம், மேலே ஏறுபவருக்கு ஆபத்து நேர்ந்தால் கீழிருந்து ஏறி அவரை இறக்குபவர் யார், உங்களிடம் புதிதாகத் தொழில் கற்கிறவர் யாராவது இருக்கிறாரா என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். இரண்டுக்கும் ஆளைக் காட்டிப் பதில் சொல்பவரிடம், அவர் கேட்கும் தொகை சற்று அதிகமாக இருந்தாலும், வேலையைக் கொடுங்கள்.